பி.எட். கணக்கு: கட்டணம் சிறிது, கைவிட்ட சம்பளம் பெரிது

வாசகர் கேள்வி – படிப்பும் பிழைப்பும்

இந்த இதழுக்கு பி.எட். பற்றி வந்த கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறோம். கேட்டவர்களின் பெயரை விட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

பி.எஸ்சி. கணிதம் முடிச்சு ரெண்டு வருஷமா திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில மெர்ச்சண்டைசிங் பிரிவுல வேலை பாக்கறனுங்க. மாசம் 15,000. பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் 2,500 போயிரும். டீச்சர் ஆகோணும்னு ஆசை. பக்கத்துல ஒரு சுயநிதிக் கல்லூரியில வருஷத்துக்கு 55,000 கேக்கறாங்க. மஞ்சள் வித்த பணம் இருக்குது, பத்தலைன்னா பேங்க்ல லோன் போட்டுக்கலாம்னு அப்பா சொல்றார். கையில இருக்கற வேலைய விடாதேங்கறாங்க அம்மா. யார் சொல்றது சரிங்க?
– வாசகி, குன்னத்தூர்

அம்மா சொல்வதில் ஒரு கணக்கு இருக்கிறது. அப்பா அதைப் பார்க்கவில்லை. இருவர் கணக்கையும் ஒரே தாளில் எழுதிப் பார்ப்போம்.

கல்லூரிக் கட்டணம் இரண்டு ஆண்டுக்கு 1,10,000. இதோடு முடியாது. சீருடைச் சேலை, தேர்வுக் கட்டணம், பாடத்திட்டப் பதிவேடு, நுண்ணிலைக் கற்பித்தல் பதிவேடு, கற்பித்தல் துணைக்கருவி செய்யும் அட்டை, தெர்மாகோல் என்று சில்லறையாகப் போவது தனி. அதற்கு இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து 15,000 ஒதுக்குங்கள். கல்லூரி சாதாரண டவுன் பஸ் போகும் வழியில் இருந்தால் பெண்களுக்குக் கட்டணமில்லை. கல்லூரி வேன்தான் கதி என்றால் ஆண்டுக்கு 12,000 வீதம் 24,000 வையுங்கள். ஆக, கையை விட்டுப் போகும் பணம் 1,49,000. அப்பா பார்ப்பது இதைத்தான்.

இப்போது அம்மாவின் கணக்கு. பஸ், சாப்பாடு போக உங்கள் கையில் நிற்பது மாதம் 12,500. பி.எட். 24 மாதம். அந்த வகையில் வராமல் போகும் பணம் 3,00,000. இடையில் கம்பெனியில் கிடைத்திருக்கக்கூடிய சம்பள உயர்வை இதில் சேர்க்கவில்லை. இரண்டையும் கூட்டினால் 4,49,000. செலவில் மூன்றில் இரண்டு பங்கு கல்லூரிக்குப் போவதில்லை. நீங்கள் வேலைக்குப் போகாததால் போவது.

குமாரபாளையம் அரசு கல்வியியல் கல்லூரி, கோவை அரசு மகளிர் கல்வியியல் கல்லூரி போன்ற இடங்களில் சீட்டு கிடைத்தால் கட்டணம் பெருமளவு குறையும். அரசுக் கல்லூரியில் சில ஆயிரத்தோடு முடிந்துவிடும். கலந்தாய்வுக்குக் கண்டிப்பாக விண்ணப்பிக்க வேண்டும்; ஜூன் மாதத்தில் அறிவிப்பைக் கவனியுங்கள். ஆனால் அங்கே போனாலும் அந்த 3,00,000 அப்படியேதான் நிற்கும். 'கவர்மென்ட் சீட்டு கிடைச்சா செலவே இல்லை' என்று ஊரில் சொல்வது வேலையில் இல்லாதவருக்குத்தான் பொருந்தும்.

இனி வரவு. பி.எட். முடித்தவருக்கு முன்னால் இரண்டு கதவு இருக்கிறது. ஒன்று தனியார் பள்ளி. அங்கே உங்களுக்குத் தொடக்கத்தில் 16,000 தருகிறார்கள் என்று வைப்போம். இரண்டு ஆண்டு கழித்துக் கம்பெனியிலேயே 18,000 வாங்கியிருப்பீர்கள். போட்ட நாலரை லட்சம் அந்தக் கதவு வழியாகத் திரும்பாது. ஆசைக்காகப் போகலாம், கணக்குக்காகப் போக முடியாது.

மற்றது அரசுப் பள்ளி; அதற்கு ஆள் எடுப்பது ஆசிரியர் தேர்வு வாரியம். 6 முதல் 10ஆம் வகுப்பு எடுக்கும் பட்டதாரி ஆசிரியருக்குத் தொடக்க அடிப்படை ஊதியம் 36,400. 2025 ஜூலை நிலவரப்படி அகவிலைப்படி 58 சதவீதம். இரண்டும் சேர்ந்து 57,512. வீட்டு வாடகைப்படி தனி. ஓய்வூதியப் பங்களிப்பு 10 சதவீதம் பிடித்தாலும் உங்கள் 18,000-க்கும் இதற்கும் மாதம் 33,000-க்கு மேல் வித்தியாசம் வரும். நாலரை லட்சம் பதினான்கு மாதத்தில் திரும்பிவிடும்.

இந்தக் கதவு எத்தனை முறை திறக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வு நடந்த ஆண்டுகள் 2012, 2013, 2017, 2019, 2022–23, 2025. டெட் தேர்ச்சி மட்டும் வேலை தராது. 2018 அரசாணைக்குப் பிறகு தனியாக ஒரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும். அந்த முறையில் பட்டதாரி ஆசிரியருக்கான தேர்வு 2024 பிப்ரவரி 4 அன்று நடந்தது. அறிவிக்கையில் இருந்த இடங்கள் 2,222, அதுவும் எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து. 2025 நவம்பர் டெட்டுக்கு இரண்டு தாளுக்குமாக நாலு லட்சத்துக்கு மேல் விண்ணப்பம் வந்தது. பி.எட். பட்டம் இந்தத் தேர்வுக் கூடத்துக்குள் நுழையும் டிக்கெட். அதற்கு மேல் அதற்கு விலை வைத்தால் ஏமாற்றம்தான்.

ஆகவே எங்கள் யோசனை: இந்த ஆண்டு வேலையை விட வேண்டாம். வேலையில் இருந்துகொண்டே எம்.எஸ்சி. கணிதத்தைத் தொலைநிலையில் முடியுங்கள். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. கணிதத்துக்கு ஆய்வகம் இல்லை என்பதால் வீட்டிலிருந்தே படிக்க முடியும். இதையே இயற்பியல், வேதியியல் பட்டதாரி கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்போம். அதற்குப் பிறகு பி.எட். அப்போது மூன்று வாசல் கிடைக்கும்: பட்டதாரி ஆசிரியர், அரசுப் பள்ளியில் 11, 12ஆம் வகுப்பு எடுக்கும், டெட் தேவைப்படாத முதுநிலை ஆசிரியர், தனியார் பள்ளியில் அதே வகுப்புகள். முதுநிலை ஆசிரியருக்கு 2025 ஜூலையில் 1,996 இடத்துக்கு அறிவிக்கை வந்தது. தொடக்க அடிப்படை ஊதியம் 36,900. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு விடுதிப் பள்ளிகளிலும் சம்பளம் ஏறுவது மேல்நிலை வகுப்பு எடுப்பவருக்குத்தான். எம்.எஸ்சி.யையும் பி.எட்.டையும் ஒரே ஆண்டில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். சான்றிதழ் சரிபார்ப்பில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டிவரும்.

இந்த இரண்டு ஆண்டில் உங்களை நீங்களே சோதித்துப் பார்த்துக்கொள்ளவும் வாய்ப்பு இருக்கிறது. டெட் இரண்டாம் தாளின் பழைய வினாத்தாள்கள் கிடைக்கின்றன. 150 கேள்வி, மூன்று மணி நேரம். குழந்தை வளர்ச்சி 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, கணிதமும் அறிவியலும் சேர்ந்து 60. கடிகாரம் வைத்து ஞாயிற்றுக்கிழமை எழுதுங்கள். கணிதப் பட்டதாரிகள் வழுக்குவது கணிதத்தில் அல்ல. குழந்தை வளர்ச்சியிலும் அந்த அறுபதுக்குள் இருக்கும் உயிரியலிலும். பொதுப்பிரிவுக்குத் தேர்ச்சி 90. மற்ற பிரிவினருக்குத் தளர்வு உண்டு, நடப்பு அறிவிக்கையில் பாருங்கள். ஆறு மாதம் படித்தும் 90 பக்கம் வரவில்லை என்றால், வேலையை விட்டு பி.எட். சேருவதை அப்போது இன்னொரு முறை யோசியுங்கள்.

லோன் விஷயம். 1,50,000 கடன், 10 சதவீத வட்டி, ஆண்டுக்குப் பாதிப் பாதியாகக் கல்லூரிக்குப் போகிறது என்று கொள்வோம். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம், ஆனால் வட்டி ஓடும். முதல் 75,000-க்கு மூன்று ஆண்டு வட்டி 22,500. இரண்டாவது 75,000-க்கு இரண்டு ஆண்டு 15,000. கட்ட ஆரம்பிக்கும்போது கடன் 1,87,500 ஆகியிருக்கும். ஐந்து ஆண்டுத் தவணை என்றால் மாதம் ஏறத்தாழ 3,985. 16,000 சம்பளத்தில் நாலில் ஒரு பங்கு அது. படிக்கும்போதே மாதாமாதம் வட்டியைக் கட்டிவந்தால் தவணை 3,190-க்குள் அடங்கும். மஞ்சள் பணத்தை மொத்தமாகக் கட்டணத்தில் கொட்டுவதைவிட அந்த வட்டியைக் கட்ட வைத்துக்கொள்வது மேல்.

வாரத்துக்கு ஒரு நாள் வந்தா போதும், பரீட்சைக்கு வந்துருங்க, கூட 30,000 கட்டுங்கன்னு ஒரு இடத்துல சொல்றாங்க. வேலையையும் விட வேண்டியதில்லை, பட்டமும் வந்துரும். இதுல என்னங்க தப்பு?
– வாசகர், தாராபுரம்

மேலே சொன்ன 3,00,000-ஐ மிச்சப்படுத்தும் குறுக்கு வழி இது. அதனால்தான் இதற்கு ஆள் சேருகிறது. உங்களுக்கே பின்னால் வந்து குத்தும்.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைப்படி பி.எட். இரண்டு ஆண்டு. சேர்க்கை, தேர்வு நாட்களைக் கழித்து ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாள், வாரம் 36 மணி நேரம். வருகை வகுப்புக்கு 80 சதவீதம், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம். பள்ளிப் பயிற்சி மொத்தம் 20 வாரம்: முதல் ஆண்டில் 4, இரண்டாம் ஆண்டில் 16. வாரத்துக்கு ஒரு நாள் வந்து இதை நிரப்ப வழியே இல்லை. வருகைப் பதிவேட்டில் யாரோ பொய் எழுதினால்தான் நடக்கும்.

அந்தப் பொய்க்கு எதிராக நீங்களே ஒரு சாட்சியை உருவாக்கிவைத்திருப்பீர்கள். கம்பெனியில் பி.எஃப். பிடிக்கிறார்கள் அல்லவா? உங்கள் யு.ஏ.என். என்ற பி.எஃப். எண்ணின் கணக்கில் எந்த மாதம் எங்கே வேலை பார்த்தீர்கள் என்பது அழியாமல் நிற்கும். முழுநேர பி.எட். படித்ததாகச் சான்றிதழ் சொல்லும் அதே 24 மாதமும் தொழிற்சாலைச் சம்பளத்துக்கு பி.எஃப். கட்டியிருந்தால் சரிபார்ப்பில் என்ன சொல்வீர்கள்? பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே இப்படிப் படித்து, அதே ஆண்டுக்கு அனுபவச் சான்றிதழும் வாங்கி வைப்பவர்களுக்கும் இதே சிக்கல்தான்.

கட்டணம் கட்டும் முன் இரண்டைப் பாருங்கள். கல்லூரிக்கு தேசியக் குழுமத்தின் அங்கீகார ஆணை இருக்கிறதா, தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைப்பு இந்தக் கல்வியாண்டுக்கு இருக்கிறதா என்று. போன வருஷத்து இணைப்பு ஆணையைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள், அது போதாது. கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் கல்லூரிப் பெயரில் ரசீது கேளுங்கள். அந்த 30,000-க்கு ரசீது கேட்டுப் பாருங்கள், முகம் மாறும்.

அப்படின்னா தொலைநிலையில பி.எட். படிச்சுக்கலாமா?
– வாசகர், பவானி

பட்டம் மட்டும் முடித்தவரால் முடியாது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமானாலும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமானாலும், தொலைநிலை பி.எட். ஏற்கெனவே நேரடி வகுப்பில் ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கு உரியது. தொடக்கக் கல்விப் பட்டயம் முடித்துப் பணியில் இருந்தால் உங்களுக்கு இதைவிட மலிவான வழி இல்லை. சம்பளம் ஒரு நாள்கூட நிற்காது.

எம்.எஸ்சி. வேதியியல், பி.எட். முடிச்சு ஒரு தனியார் பள்ளியில மூணு வருஷமா 9, 10ஆம் வகுப்பு எடுக்கறனுங்க. மாசம் 18,000. மே மாசம் சம்பளம் கிடையாது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. எதுவும் இல்லை. மாசத்துல எட்டு ராத்திரி ஸ்டடி டியூட்டி. இன்னொரு பள்ளியில 16,500 தர்றாங்களாம். பன்னெண்டு மாசமும் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு, ராத்திரி டியூட்டி இல்லை, பையனுக்குப் பாதி ஃபீஸ். வீட்டுக்காரர் 1,500 குறையுதே, எதுக்குப் போறேங்கறார்.
– வாசகி, திருச்செங்கோடு

குறையவில்லை. 18,000-ஐப் பதினொன்றால் பெருக்கினால் 1,98,000. 16,500-ஐப் பன்னிரண்டால் பெருக்கினாலும் 1,98,000. வீட்டுக்காரரிடம் இந்த இரண்டு வரியையும் காட்டுங்கள். தனியார் பள்ளிச் சம்பளத்தை மாதக் கணக்கில் பேசுவதே தப்பு; ஆண்டுக் கணக்கில் கேட்டு, பன்னிரண்டால் வகுக்க வேண்டும். கூடவே 'ஜூன்ல பாதி மாசச் சம்பளமா, முழுசா?' என்றும் கேளுங்கள். அங்கேயும் அரை மாதம் கழன்றுவிடுவது உண்டு.

அடுத்தது பிடித்தம். புதுப் பள்ளியில் அடிப்படைச் சம்பளத்தை 15,000 என்று பிரித்துப் போட்டால், பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,800 உங்களிடம் பிடிப்பார்கள்; அதே 1,800 பள்ளியும் போடும். பள்ளி போடுவதில் 1,250 ஓய்வூதியக் கணக்குக்கும் 550 உங்கள் சேமிப்புக்கும் போகும். தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு உங்கள் பங்கு 0.75 சதவீதம், 124 ரூபாய். ஆக முதல் மாதம் கையில் வருவது 14,576. இதைப் பார்த்ததும் வீட்டில் மறுபடி பேச்சு கிளம்பும். கிளம்பட்டும். மாதம் 2,350 உங்கள் பெயரில் வட்டியோடு சேருகிறது, ஓய்வூதியக் கணக்கில் சேவை ஆண்டு ஏறுகிறது. பத்து ஆண்டு நிறைந்தால் அதில் மாத ஓய்வூதியத்துக்கு உரிமை வரும். சேர்ந்து இரண்டு மாதம் கழித்து பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பணம் உண்மையில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சம்பளச் சீட்டில் பிடித்ததாகக் காட்டுவதும் கணக்கில் ஏறுவதும் ஒன்றல்ல.

இ.எஸ்.ஐ.யை நம் பக்கத்தில் 'காய்ச்சல் மாத்திரை' என்று இளக்காரமாகச் சொல்வார்கள். மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்கள் அதில் வருகிறார்கள். அறுவைச் சிகிச்சை வரை குடும்பத்துக்கும் செல்லும். முந்தைய இரண்டு பங்களிப்புக் காலத்தில் 70 நாள் பங்களிப்பு இருந்தால், முதல் இரண்டு பிள்ளைப்பேற்றுக்கு 26 வாரம் சம்பளத்துக்கு ஈடான தொகை கிடைக்கும். உங்களுக்கு இனித் தேவையில்லாமல் இருக்கலாம். வேலைக்குச் சேரும் இளம் ஆசிரியைகள் 500 ரூபாய் அதிகம் என்று இ.எஸ்.ஐ. இல்லாத பள்ளிக்குப் போவது நஷ்ட வியாபாரம்.

பையனின் கட்டணம் ஆண்டுக்கு 40,000 என்றால் பாதி 20,000; மாதத்துக்கு 1,667. இதையும் சம்பளத்தில் கூட்டிக்கொள்ளுங்கள். ஆனால் எழுத்தில் வாங்குங்கள். புத்தகம், வேன், சீருடைக்கும் சலுகை உண்டா, நீங்கள் நடுவில் விலகினால் பாக்கியைக் கேட்பார்களா என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். இதே சலுகையைக் காரணம் காட்டி மூன்று ஆண்டு சம்பளம் ஏற்றாமல் விடுவதும் நடக்கும்.

எட்டு ராத்திரிக்கு மூன்று மணி நேரம் வைத்தால் மாதம் 24 மணி நேரம். எம்.எஸ்சி., பி.எட். வைத்திருக்கும் உங்களுக்கு அந்த நேரத்தின் விலை அதிகம். முதுநிலை ஆசிரியர் தேர்வுக்கு டெட் தேவையில்லை. உங்களிடம் இரண்டு பட்டமும் இருக்கிறது. அந்த 24 மணி நேரத்தில் வேதியியல் படிக்கலாம். பள்ளி மாறுவதில் பெரிய லாபம் இதுதான் என்று நினைக்கிறோம்.

விட்டுவரும் பள்ளியில் பணிக்கொடை (கிராஜுவிட்டி) கிடைக்காது. அதற்கு ஐந்து ஆண்டு வேண்டும். தனியார் பள்ளி ஆசிரியருக்குப் பணிக்கொடை கிடையாது என்று பல நிர்வாகம் சொல்லும். 2009 சட்டத் திருத்தம் ஆசிரியர்களையும் அதற்குள் கொண்டுவந்துவிட்டது. கடைசி அடிப்படைச் சம்பளத்தை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, சேவை ஆண்டால் பெருக்க வேண்டும். 15,000 அடிப்படையில் ஐந்து ஆண்டுக்கு 43,269. இன்னும் இரண்டு ஆண்டு இருந்து இதை வாங்கலாமே என்று கேட்டால், பி.எஃப். இல்லாமல் கழியும் அந்த இரண்டு ஆண்டில் பள்ளியின் பங்காக நீங்கள் இழப்பது மாதம் 1,800 வீதம் 43,200. பணிக்கொடையும் அதுவும் ஏறத்தாழ நேர்.

கல்வியாண்டு முடிவில் விலகுங்கள். நியமன ஆணையில் எத்தனை மாத முன்னறிவிப்பு என்று பார்த்து, கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். அசல் சான்றிதழ் அவர்களிடம் இருந்தால் முதலில் அதை வாங்கிக்கொண்டு பிறகு மற்ற பேச்சு. புதுப் பள்ளிக்கு அசலைக் காட்டுங்கள், கொடுக்காதீர்கள்.

எனக்கு வயசு 38. பி.ஏ. தமிழ். ஒண்ணாவதுல இருந்து எல்லாமே தமிழ் வழியிலதான். வீட்டுக்காரருக்குத் தென்னந்தோப்பு. புள்ளைங்க ஹைஸ்கூல் போயிட்டாங்க. இப்பப் போய் பி.எட். படிச்சு என்ன ஆகப்போகுதுன்னு மாமியார் கேக்கறாங்க.
– வாசகி, பொள்ளாச்சி

குன்னத்தூர் வாசகியைவிட உங்கள் கணக்கு நல்ல நிலையில் இருக்கிறது. விட்டுவிட்டு வர உங்களுக்குச் சம்பளம் இல்லை. 3,00,000 என்ற அந்த வரியே உங்கள் தாளில் கிடையாது. கோவை அரசு மகளிர் கல்வியியல் கல்லூரியில் இடம் கிடைத்தால் பஸ் செலவுதான் முக்கியச் செலவு. பொள்ளாச்சி–கோவை பஸ் கட்டணமில்லாப் பயணத்தில் வராது என்பதைக் கணக்கில் வையுங்கள். சுயநிதிக் கல்லூரியானால் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள். தினமும் மூன்று மணி நேரம் பஸ்ஸில் கழித்துவிட்டு வீட்டு வேலையும் பார்த்து, பதிவேடும் எழுத முடியாமல்தான் பலர் முதல் ஆண்டிலேயே நின்றுவிடுகிறார்கள்.

சேர்வதற்குப் பட்டத்தில் தேவையான மதிப்பெண்: பொதுப்பிரிவு 50 சதவீதம், பிற்படுத்தப்பட்டோர் 45, மிகப் பிற்படுத்தப்பட்டோர் 43, பட்டியல் சாதி, பழங்குடியினர் 40. பட்டியல் பிரிவினர் குடும்ப ஆண்டு வருமானம் 2,50,000-க்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்.

வயது தடையில்லை. ஆசிரியர் நேரடி நியமனத்துக்கு உச்ச வயது பொதுப்பிரிவுக்கு 53, மற்ற பிரிவினருக்கு 58 என்று 2023-ல் உயர்த்தப்பட்டது. ஓய்வு வயது 60. 40-ல் பி.எட். முடித்து 45-ல் வேலை கிடைத்தாலும் 15 ஆண்டு இருக்கிறது. டெட் ஒரு முறை தேறினால் ஆயுள் முழுவதும் செல்லும். ஏழாண்டு கெடு 2021-ல் போய்விட்டது.

தமிழ் வழியில் படித்தது உங்கள் கையில் இருக்கும் பெரிய சொத்து. அரசுப் பணி நியமனத்தில் தமிழ் வழியில் படித்தோருக்கு 20 சதவீதம் முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு. 2020 திருத்தத்துக்குப் பிறகு பட்டம் மட்டும் தமிழில் படித்தால் போதாது. பள்ளியிலிருந்தே தமிழ் வழி என்று காட்ட வேண்டும். ஆகவே பி.எட்.டிலும் தமிழ் வழி என்று சேரும்போதே பதிந்துகொள்ளுங்கள். 'இங்கிலீஷ் மீடியம் போட்டா கௌரவம்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தொடக்கப் பள்ளி, உயர்நிலை, மேல்நிலை, கல்லூரி ஒவ்வொன்றிலும் தமிழ் வழிச் சான்றை இப்போதே வாங்கத் தொடங்குங்கள். 30 ஆண்டுக்கு முந்தைய சேர்க்கைப் பதிவேட்டைத் தேடி எடுக்கத் தலைமையாசிரியருக்கும் நாள் ஆகும். பள்ளி மூடப்பட்டோ இணைக்கப்பட்டோ இருந்தால் பதிவேடு எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று தேடவே ஒரு மாதம் போகும். சரிபார்ப்புக் கடிதம் வந்த பிறகு ஓடுகிறவர்கள் இங்கேதான் இடத்தை விடுகிறார்கள்.

தமிழ்ப் பட்டதாரிக்குத் தனியார் பள்ளிச் சம்பளம் கணிதம், அறிவியலைவிடக் குறைவு. அதை நம்பிச் சேர வேண்டாம். டெட்டையும் போட்டித் தேர்வையும் நம்பிச் சேருங்கள்.

பி.காம். முடிச்சிருக்கேன். பி.எட். சேர முடியுமா?
– வாசகர், கரூர்

பி.காம். மட்டும் வைத்துக்கொண்டு முடியாது. வணிகவியல், பொருளியல் போன்ற பாடங்களுக்கு முதுகலைப் பட்டமும் வேண்டும். எம்.காம். முடித்துவிட்டுச் சேருங்கள். 6 முதல் 10 வரை வணிகவியல் என்று பாடமே இல்லை என்பதால் உங்களுக்குப் பட்டதாரி ஆசிரியர் இடமும் இல்லை. முதுநிலை ஆசிரியர் ஒன்றுதான். கணினி அறிவியல்காரர்களுக்கும் ஏறக்குறைய இதே நிலை: முதுகலையும் பி.எட்.டும் இருந்தால் கணினிப் பயிற்றுநர் (நிலை 1) பணிக்குப் போகலாம்.

பி.எட். முடிச்சா ஒண்ணாவதுல இருந்து அஞ்சாவது வரைக்கும் எடுக்க முடியாதுங்கறாங்களே, நிஜமா?
– வாசகி, சத்தியமங்கலம்

நிஜம்தான். 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் தொடக்க வகுப்புக்கு பி.எட். தகுதியாகாது என்று தீர்ப்பளித்தது. சின்னக் குழந்தைகளுக்குச் சொல்லித்தருவதுதான் விருப்பம் என்றால் +2-க்குப் பிறகு இரண்டு ஆண்டுத் தொடக்கக் கல்விப் பட்டயம் படியுங்கள். பெருந்துறையில் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. செலவு குறைவு, ஆனால் தொடக்க வகுப்பு எடுக்கும் இடைநிலை ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 20,600. பட்டதாரி ஆசிரியரோடு ஒப்பிட்டால் மாதம் 15,800 குறைவு என்பதையும் தெரிந்துகொண்டே முடிவெடுங்கள்.

பொண்ணு +2 படிக்கறா. டீச்சர் வேலைதான்னு உறுதியா இருக்கறா. நாலு வருஷப் படிப்புல சேர்த்தா ஒரு வருஷம் மிச்சமாமே? ஒரு வருஷ பி.எட்.டும் வரப்போகுதுங்கறாங்க.
– வாசகர், காங்கேயம்

உறுதியாக இருந்தால், பட்டமும் பி.எட்.டும் சேர்ந்த நாலு வருஷப் படிப்பு லாபம். மூன்றும் இரண்டும் ஐந்து என்பது நாலாகக் குறைகிறது. ஓராண்டுச் செலவும் மிச்சம், ஓராண்டு முன்னதாகவே சம்பளம். மைசூரு மண்டலக் கல்வி நிறுவனத்தில் தென்மாநிலப் பிள்ளைகளுக்கு இடம் உண்டு. நுழைவுத் தேர்வு வழியாகத்தான். புதிய ஒருங்கிணைந்த ஆசிரியர் கல்விப் படிப்புக்கு தேசியத் தேர்வு முகமை தனியாக ஒரு பொது நுழைவுத் தேர்வு நடத்துகிறது. பக்கத்துக் கல்லூரியில் பி.எஸ்சி.பி.எட். என்று பலகை இருந்தால், பழைய பாடத்திட்டமா, புதியதா, உங்கள் பெண் சேரும் ஆண்டுக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று ஆணையைக் கையில் வாங்கிப் படியுங்கள். நடுவில் மனம் மாறினால் வெளியே வருவது கடினம். அந்த உறுதி அவளுடையதா, உங்களுடையதா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வருஷ பி.எட்.டுக்கு 2025 பிப்ரவரியில் வரைவு விதிமுறை வந்தது. நாலாண்டுப் பட்டமோ முதுகலையோ முடித்தவர்களுக்கு என்று அதில் இருக்கிறது. மூன்றாண்டு பி.எஸ்சி. முடித்தவருக்கு அது பொருந்தாது. நம் பல்கலைக்கழகம் சேர்க்கை அறிவிப்பு வெளியிட்ட பிறகு அதைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம். அதுவரை அதற்காக ஒரு ஆண்டைச் சும்மா விடாதீர்கள்.